ஊசிக்கு முன்னால் சொன்னது

என் நாத்தனாரைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் அவள் மேல்சட்டையில் குத்தியிருக்கும் அட்டைக்கு அது உதவுகிறது. வீட்டில் பம்பரம்தான். வைத்தது நான். பொருத்தமில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் ஆறாம் வகுப்பு. அவள் அம்மா போய்ச் சேர்ந்து அப்போதே சில வருஷம் ஆகியிருந்தது. "மாமியார் இல்லாத வீடு, கொடுத்து வைத்தவள்" என்று என் பக்கத்துச் சொந்தமெல்லாம் வயிறெரிந்தது. மாமியார் இல்லைதான். பதிலுக்கு இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சூறாவளி இருந்தது. தலைபின்ன உட்கார வைத்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். சீப்பும் கையுமாக அவள் பின்னாலேயே நடந்துகொண்டு பின்னியிருக்கிறேன், பொய்யில்லை. நீச்சல் பழகப் போனாள், பாதியில் விட்டாள். வயலின் வாங்கிக் கொடுத்தோம், அது இன்னும் பரண்மேல் தூங்குகிறது. தையல் வகுப்பில் சேர்த்தேன். ஒரு கை மட்டும் வைத்த சட்டையோடு அந்த வித்தையும் முடிந்தது. படிப்பில் மட்டும் கெட்டி. அதையும் மொட்டைமாடியில் நடந்துகொண்டேதான் படித்தாள்.

டாக்டரானதும் அவசரப் பிரிவுக்குப் போனாள். வேறெங்கே போவாள்? அங்கேதான் ஓடிக்கொண்டே சம்பளம் வாங்கலாம். கை உடைந்தவர், காய்ச்சல்காரர், மூக்கில் பட்டாணி மாட்டிய குழந்தை என்று ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குச் சுற்றிச் சுற்றி வருவாள். ஊரில் நல்ல பெயர். மருத்துவமனைக்கு எதிர்வரிசையில்தான் என் ஜெராக்ஸ் கடை. முதலாளி நான், தொழிலாளி நான், மிஷின் நின்றால் நாலு தட்டு தட்டுகிற மெக்கானிக்கும் நான். "உங்க டாக்டரம்மா தங்கமானவங்க" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிரும். வெளியே, "வீட்டுல வந்து பாருங்க, துவைக்கப் போட்ட துணி மலையா கிடக்கு" என்பேன்.

என் வீட்டுக்காரர், அதாவது அவள் அண்ணன், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர். பொறுமைசாலி. என்னோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டுகிறாரே, அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

பம்பரம் மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதினாள். அவள் எடுத்த மதிப்பெண்ணுக்கு இரண்டே கதவுகள் திறந்தன. ஒன்று தோல் மருத்துவம். இன்னொன்று மயக்கவியல், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். எது வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பதிவதற்குச் சில வாரங்கள் அவகாசம் இருந்தது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பருவால் செத்தவன் என்று நான் யாரையும் கேள்விப்பட்டதில்லை. நேரத்துக்குப் போகலாம், நேரத்துக்கு வரலாம், நல்ல வரன் வரும். "எங்க வீட்டுல தோல் டாக்டர் வரப்போறா" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்து முடித்துவிட்டேன். எதிர்வீட்டம்மா அப்போதே முழங்கையைத் திருப்பிக் காட்டி, இந்தக் கறுப்பு போகுமா என்று கேட்டாயிற்று.

அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது, சாப்பிடும்போது என்றால் நாங்கள் உட்கார்ந்தும் அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தும், அவள் ஆரம்பித்தாள்.

"அண்ணி, நான் மயக்க மருந்தே எடுத்துக்கலாமான்னு பாக்கறேன்."

எனக்குப் புரை ஏறிவிட்டது. அவர் என் தலையில் தட்டினார்.

"போன மாசம் ஒரு லாரி டிரைவர் அடிபட்டு வந்தாரு" என்றாள். "தியேட்டருக்குக் கொண்டுபோறப்ப என் கையை விடவே இல்ல. சரின்னு நானும் உள்ள போயிட்டேன். சர்ஜன் வந்தாரு, வெட்டினாரு, தைச்சாரு, போயிட்டாரு. மயக்க மருந்து மேடம் மட்டும் அந்த ஆளோட தலைமாட்டை விட்டு நகரல அண்ணி. அவருக்குப் பதிலா மூச்சு விட்டதே அவங்கதான். நான் தினம் அத்தனை பேரைப் பாக்கறேன், ஒருத்தருக்காவது முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கூட இருந்திருக்கேனா? அப்புறம் என்ன ஆனாங்கன்னுகூடத் தெரியாது."

"அது சரிம்மா, என் வேலையும் அதுதான்" என்றார் அவர். "ஓட்டறது வேற ஒருத்தர். நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன்னுதான் பாக்கறவங்க நினைப்பாங்க. கால் பிரேக் மேலயே இருக்கும்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று அவரை அடக்கினேன்.

பம்பரம் நடப்பதை நிறுத்திவிட்டு என் எதிரே வந்து நின்றாள். "எனக்கே பயமா இருக்கு அண்ணி. அது உக்காந்து கவனிக்கிற வேலை. பாதி நேரம் ஒண்ணுமே நடக்காது, ஆனா கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தா உசிரு போயிடும். என்னால முடியுமான்னு தெரியல. என்னைச் சின்ன வயசுலேர்ந்து பாத்தவங்க நீங்கதான். நீங்க சொல்லுங்க."

கேட்டால் சொல்ல வேண்டியதுதானே? என் வாய் எனக்கென்று எதை மறைத்து வைத்திருக்கிறது?

"சோறு திங்கற நேரத்துக்குக்கூட உன்னால ஒரு இடத்துல உக்கார முடியல. நீ ஒருத்தரைத் தூங்க வெச்சிட்டுப் பக்கத்துல காவல் இருக்கப் போறியா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத. தோலைப் படி. நானா இருந்தா உன் கையில உசிரைக் குடுத்துட்டுத் தூங்கமாட்டேன்டி, சொல்லிட்டேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். தட்டைக் கழுவி வைத்தாள். அன்றைக்கு அவள் சுற்றாமல் போய்ப் படுத்ததை நானும் பார்த்தேன். நல்லதுக்குச் சொன்னால் நாலு நாள் முகம் தூக்கத்தான் செய்வார்கள், தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே எனக்கு வயிற்றுவலி வந்தது. வலி என்றால் சாதாரண வலி இல்லை. கடையில் ஒரு கல்லூரிப் பெண்ணின் சான்றிதழை மிஷினில் வைத்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் சர்ஜன்.

கத்திக்கு நான் பயப்படவில்லை. மயக்கத்துக்குத்தான் பயந்தேன். நாலு பேர் நடுவில், வாயைப் பிளந்துகொண்டு, என்ன நடக்கிறதென்று தெரியாமல் கிடப்பதா? என் கடையில் ஒரு காகிதம் இடம் மாறினாலே எனக்குத் தெரியாமல் நடக்காது.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து மேடம் பார்க்க வந்தார். தலையில் பூப்போட்ட தொப்பி, நிதானமான பேச்சு. பம்பரம் சொன்ன அதே மேடம். ஆஸ்துமா உண்டா, முன்னால் ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "பல்லு ஏதாவது ஆடுதா? கழட்டி மாட்டற பல்லு இருக்கா?" என்றார்.

என் வீட்டுக்காரரும் பம்பரமும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். என் முன்பல் ஒன்று கழற்றி மாட்டுவதுதான். குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்தபோது அவர் வெளியூரில் இருந்தார். திரும்புவதற்குள் பல் டாக்டரிடம் போய்ப் புதுசு போட்டுக்கொண்டேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. இவள் சிரிப்பைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று ஊரெல்லாம் சொல்கிற மனிதர். அவரிடம் எப்படிச் சொல்வது?

"எல்லாம் சொந்தப் பல்லுதான்" என்றேன்.

ஆபரேஷன் அன்று தியேட்டருக்கு வெளியே ஒரு சின்ன அறையில் படுக்க வைத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. "ரொம்பப் பதட்டமா இருக்கீங்கம்மா, பதட்டம் தணியறதுக்கு ஒரு ஊசி போடறேன்" என்றார் மேடம். அன்று பம்பரத்துக்கு விடுமுறை. பச்சை உடுப்பும் முகமூடியுமாக என் கால்மாட்டில் நின்றிருந்தாள். கையில் இருந்த குழாய் வழியாக ஊசிமருந்து போவதைப் பார்த்தேன். அவ்வளவுதான். அப்புறம் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து வெறும் வெள்ளைத் தாள் வருமே, அந்த மாதிரி ஒன்றுமே இல்லை.

கண் விழித்தால் வார்டு. வயிற்றைத் தடவினேன், கட்டு இல்லை. நாக்கால் துழாவினேன், பல் இல்லை!

"ஆபரேஷன் நடக்கலையாம்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர். "ஊசி போட்டும் பிரஷர் இறங்கலையாம். மாத்திரை சாப்பிட்டுட்டுக் கொஞ்ச நாள் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க."

நான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். குளிருதா என்று கேட்டார். தலையாட்டினேன். பேசினால் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நேரத்துக்குப் பம்பரம் உள்ளே வந்தாள். "அண்ணா, போய் டீ குடிச்சிட்டு வா, நான் இருக்கேன்" என்று அவரை அனுப்பினாள். கதவு சாத்தியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினாள். உள்ளே, ஈரத் துணியில் சுற்றி, என் பல்.

"மாட்டிக்கோங்க. அண்ணன் வர்றதுக்குள்ள."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"அஞ்சு வருஷமாத் தெரியும். ஆப்பிளைக் கடிச்சுத் தின்னவங்க திடீர்னு கத்தியால நறுக்கித் தின்ன ஆரம்பிச்சீங்க. சிரிக்கறப்ப மேலுதட்டை லேசா இழுத்துப்பீங்க. அன்னிக்கு மேடம்கிட்ட நீங்க பொய் சொன்னதும், நான் அவங்களைத் தனியாப் பாத்துச் சொல்லிட்டேன். ஊசியில நீங்க கிறங்கினதும் நானே கழட்டி எடுத்துட்டேன். தூங்கறப்ப தொண்டைக்குள்ள போயிடும் அண்ணி, விளையாட்டு இல்ல."

"உங்கண்ணன்கிட்ட..."

"அவன்கிட்ட எதுக்கு?"

ஐந்து வருஷம்! இந்த வீட்டில் ஒரு நிமிஷம் நிற்காமல் சுற்றியவள் என் உதட்டைப் பார்த்திருக்கிறாள், ஆப்பிளைப் பார்த்திருக்கிறாள், வாயைத் திறக்காமலும் இருந்திருக்கிறாள். டப்பாவை வாங்கிப் பல்லை மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் காகிதங்களுக்காக அவள் கீழே போயிருந்தபோது நர்ஸ் வந்து கையிலிருந்த குழாயை எடுத்தாள். கொஞ்சம் வாய் நீளமான பெண். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

"நீங்க பேசினதைக் கேட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சும்மா" என்றாள்.

"நான் என்ன பேசினேன்?"

"ஞாபகம் இல்லையா? அந்த ஊசி அப்படித்தான். டாக்டரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. 'நீ போயிடாதடி, நீ தலைமாட்டுல இருந்தாத்தான் நான் தூங்குவேன், வேற யாரும் வேண்டாம்'னு திரும்பத் திரும்பச் சொன்னீங்க. அவங்க அழுதுட்டாங்க."

நானா? சத்தியமாக இருக்காது. அவள் கையில் உயிரைக் கொடுக்கமாட்டேன் என்று சொன்ன வாயா அப்படிச் சொல்லும்?

வீட்டுக்கு வந்ததும் சும்மா விடுவேனா? பம்பரத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஊசி போட்டப்புறம் நான் என்னடி சொன்னேன்?"

"ஒண்ணும் இல்ல."

"நடிக்காத. நர்ஸ் சொல்லிட்டா."

"அவ சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது, என்மேல் இல்லை. "அந்த ஊசி போட்டப்புறம் யாருகிட்டயும் கையெழுத்து வாங்கக் கூடாது அண்ணி. வாங்கினாலும் செல்லாது. பேசறதும் அப்படித்தான். அதை வெளிய சொல்லவும் கூடாது, நம்ம சௌகரியத்துக்கு எடுத்துக்கவும் கூடாது. மருந்து பேசிச்சு, அவ்வளவுதான். முழிச்சிருக்கறப்ப சொன்னதுதான் நீங்க சொன்னது."

முழித்திருந்தபோது நான் சொன்னது என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"நான் தோலையே போட்டுடறேன்" என்றாள். "பதியறதுக்குக் கடைசி நாள் உங்க ஆபரேஷன் மறுபடி நடக்கற அன்னிக்குத்தான் வருது. சாயங்காலம் வந்து போட்டுடறேன். நீங்க நிம்மதியா மாத்திரையைச் சாப்பிடுங்க."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. எதிர்வீட்டம்மாவின் முழங்கைக்கும் வழி பிறந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் உப்பில்லாத சோற்றைத் தின்றவள்போலக் கிடந்தேன். பம்பரம் வழக்கம்போலச் சுற்றினாள், சிரித்தாள், என் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தாள். மயக்க மருந்து என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

அவரிடம் புலம்பினேன். "மருந்து வாய்க்கு வந்ததை உளற வெக்கும்ல?"

"குடிச்சவன் உளறல்ல பொய் இருக்காதுன்னு சொல்வாங்க" என்றார்.

"நான் என்ன குடிகாரியா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

யோசித்துப் பார்த்தால் பல் ஒன்றுதானா? அவர் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடியை மறந்தால் வாசலில் கொண்டுபோய் நீட்டுவது அவள்தான். நான் கடையில் நின்று நின்று கால் வீங்கினால், மறுநாள் ஒரு முக்காலி வந்து இறங்கியிருக்கும். யார் வாங்கியது என்று கேட்டால் ஓடிவிடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்த சமயமெல்லாம் கண் திறந்தால் அவள் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருப்பாள். எப்போது பார்த்தாலும் போய்க்கொண்டிருக்கிறாளே என்று நான் திட்டியிருக்கிறேன். எப்போது கண் திறந்தாலும் அவள் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம் அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நல்லவேளை.

இரண்டாவது தடவை ஆபரேஷனுக்குப் போனோம். அதே சின்ன அறை, அதே பூப்போட்ட தொப்பி. தியேட்டர் கதவுக்கு இந்தப் பக்கமே பல்லைக் கழற்றிப் பம்பரத்தின் டப்பாவில் போட்டுவிட்டேன். அவர் அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தேட வைத்ததும் அவள்தான்.

"இன்னிக்குப் பிரஷர் பரவாயில்ல" என்றார் மேடம். பெயர் என்ன, என்ன ஆபரேஷன், சம்மதம்தானா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு ஊசியைக் கையில் எடுத்தார். பம்பரம் கால்மாட்டில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "நான் இப்போ முழிச்சிருக்கேனா?"

"நல்லாவே முழிச்சிருக்கீங்கம்மா."

"அந்த ஊசி இன்னும் உள்ள போகலையே?"

"போகல. வெறும் குளுக்கோஸ் தண்ணிதான் ஓடுது."

"அப்போ நான் சொல்றது செல்லும்."

மேடம் பம்பரத்தைப் பார்த்தார். பம்பரம் தரையைப் பார்த்தாள்.

"இங்க வாடி" என்றேன். பல் இல்லாத இடத்தில் காற்று புஸ் புஸ் என்று போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். "தள்ளி நிக்காத, தலைப்பக்கம் வா. இந்த மேடத்து மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்க மருந்து குடுக்கட்டும். ஆனா நீ பக்கத்துல இருந்தாத்தான் நான் தூங்குவேன். மருந்து பேசல, நான் பேசறேன். நீ சுத்தறதெல்லாம் காலாலதான்டி. கண்ணு ஒரு இடத்துலதான் இருக்கு. உன் கையில உசிரைக் குடுத்துட்டு நான் நிம்மதியாத் தூங்குவேன். போதுமா? இன்னொரு வாட்டி சொல்லமாட்டேன்."

முகமூடிக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது.

"நிஜமாவா அண்ணி?"

"பின்ன? பொய் சொல்றதுக்கு முழுப் பல்லு வேணும்."

"அப்போ சாயங்காலம்... அதையே போட்டுடட்டுமா?"

"போடு. தோலை வேற எவளாவது பாத்துக்கட்டும்."

அவள் என் நெற்றியில் கையை வைத்தாள். முகமூடி நனைந்து கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது.

"இப்படி நனைஞ்சா உள்ள விடமாட்டேன்மா, வேற மாத்திட்டு வா" என்றார் மேடம். பம்பரம் விட்டாள் பாருங்கள் ஓட்டம், கதவு பின்னால் அடித்துக்கொண்டது.

"ஆரம்பிக்கலாமாம்மா?" என்று மேடம் மறுபடி ஊசியை எடுத்தார்.

"இருங்க" என்றேன். அவள் திரும்பி வந்து என் தலைமாட்டில் நிற்கிறவரைக்கும் அந்த ஊசியைக் கிட்டே கொண்டுவர நான் விடவில்லை.